ஆறாவது ஆள் ஏன் முக்கியம்? பெரம்பூருக்கு ஒரு ஓட்ட லீக் கேட்டு ஒரு நீண்ட இழை

பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் படிக்கணும்னு எழுதுறேன். கொஞ்சம் நீளமான இழைதான். டீ குடிச்சுட்டே படிங்க. சர்க்கரையை மட்டும் குறைச்சுக்குங்க.

சுகர், பிபிக்கு ஓபிக்கு வர்றவங்ககிட்ட நாங்க ரெண்டு விஷயம் சொல்வோம்.

ஒண்ணு, மாத்திரை.
ரெண்டு, "தினமும் அரை மணி நேரம் நடங்க".

மாத்திரை மருந்தக ஜன்னல்ல கிடைக்குது. 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருது.

நடை எந்த ஜன்னல்ல கிடைக்கும்?

இந்த இழை அந்தக் கேள்வியைப் பத்தினதுதான். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் நீங்க சண்டைக்கு வரலாம்.

உடற்பயிற்சியை வருஷக்கணக்கா விடாம செய்யறதுக்கு மன உறுதி மட்டும் போதாது. உங்களை எதிர்பார்த்து நாலு பேர் காத்திருக்கணும். அப்படிக் காத்திருக்கிற கூட்டத்தைக் கட்டிக் காப்பாத்துறவங்க ஒரு சங்கத்தின் பழைய உறுப்பினர்கள். வடசென்னையில 40 வயசு தாண்டினவங்களுக்கு அப்படி ஒரு ஓட்டக் கூட்டம், அதுவும் லீக் மாதிரி அமைப்பா, தேவை.

முதல்ல நிலவரம்.

ஐசிஎம்ஆர் ஆதரவுல சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தின நாடு தழுவிய ஆய்வு 2023ல வெளியாச்சு. இந்தியாவுல நீரிழிவு உள்ளவங்க சுமார் 10 கோடியே 10 லட்சம். அதுக்கு முந்தின கட்டத்துல இருக்கிறவங்க 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு.

அடுத்த வருஷம் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல உடல் உழைப்பு பத்தி ஒரு கட்டுரை. 2022 கணக்குப்படி இந்தியப் பெரியவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. பெண்கள்ல 57 சதவீதம், ஆண்கள்ல 42 சதவீதம்.

போதுமானதுன்னா எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் கேட்கிறது வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, இல்லைன்னா 75 நிமிஷம் ஓட்டம். கூடவே வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. வாரத்துல இருக்கிறது 10,080 நிமிஷம். அதுல 75 நிமிஷம்தான் கேக்குறாங்க.

அதுகூட ஏன் முடியல? "சோம்பேறித்தனம்"னு சொல்லிட்டுப் போறது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

வருஷக்கணக்கா விடாம ஓடினவங்களைப் பத்தின ஒரு ஆய்வைப் பார்ப்போம்.

அமெரிக்காவுல 50 வயசைத் தாண்டினவங்களுக்குன்னே ஒரு ஓட்டச் சங்கம் இருந்தது. 1984ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சங்க உறுப்பினர்கள் 538 பேரையும், அதே மாதிரி வயசுள்ள ஓடாதவங்க 423 பேரையும் பின்தொடர ஆரம்பிச்சாங்க. 21 வருஷம் பின்தொடர்ந்தாங்க. முடிவு 2008ல வெளியாச்சு.

19 வருஷம் ஆனப்போ ஓடாதவங்கள்ல 34 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க. ஓடினவங்கள்ல 15 சதவீதம்.

எனக்கு இதைவிடப் பெருசாத் தெரிஞ்சது இன்னொண்ணு. தானா எழுந்திருக்க, நடக்க, உடை உடுத்தச் சிரமப்படுற நிலைமை ஓடினவங்களுக்குச் சுமார் 16 வருஷம் தள்ளி வந்திருக்கு.

16 வருஷம். யார் கையையும் பிடிக்காம பாத்ரூம் போற 16 வருஷம். வீட்ல படுத்த படுக்கையா ஒரு பெரியவரைப் பார்த்துக்கிட்டவங்களுக்கு இந்த எண்ணோட மதிப்பு தெரியும்.

இன்னொரு விவரமும் இருக்கு. ஆய்வு தொடங்கும்போது அவங்க வாரத்துக்குச் சராசரியா 4 மணி நேரம் ஓடிக்கிட்டிருந்தாங்க. 21 வருஷம் கழிச்சு, வயசு எழுபதுகளின் கடைசியில, அது 76 நிமிஷமாக் குறைஞ்சுடுச்சு. ஆனாலும் பலன் தொடர்ந்தது. வேகம் குறைஞ்சது, தூரம் குறைஞ்சது, ஆனா நிறுத்தல.

இப்ப நியாயமான ஒரு மறுப்பு. "ஆரோக்கியமா இருக்கிறவன்தான் டாக்டர் ஓடவே வர்றான். அவன் எப்படியும் நல்லாத்தான் இருப்பான்."

சரியான பாயின்ட். புகை, எடை, வயசு மாதிரி விஷயங்களைக் கணக்குல எடுத்துதான் அவங்க ஒப்பிட்டாங்க. ஆனாலும் இந்த மாதிரி பின்தொடர் ஆய்வு "ஓடினதாலதான்"னு நூறு சதவீதம் நிரூபிக்காது. அவங்க படிச்ச, வசதியான அமெரிக்கர்கள். நம்ம புளியந்தோப்புக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துட்டு வர முடியாது. திசையை எடுத்துட்டு வரலாம்.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "முட்டி தேஞ்சுடாதா டாக்டர்?"

அதே கூட்டத்துல 45 ஓட்டக்காரங்க, 53 ஓடாதவங்களோட முட்டியை 18 வருஷம் வரைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. கடைசியில முட்டித் தேய்மானம் ஓடினவங்கள்ல 20 சதவீதம், ஓடாதவங்கள்ல 32 சதவீதம். எண்ணிக்கை சின்னது, அதனால "ஓடினா முட்டி காப்பாத்தப்படும்"னு நான் சொல்ல மாட்டேன். "ஓடினதால சீக்கிரம் தேஞ்சுடுச்சு"ங்கிறதுக்கு அங்க ஆதாரம் கிடைக்கல. அவ்வளவுதான்.

முட்டிக்கு உண்மையான எதிரிகள் அதிக எடை, பழைய அடி, வலியோட பிடிவாதமா ஓடுறது.

சரி, இப்ப கிராஸ் கன்ட்ரிக்கு வருவோம்.

ஸ்கூல்ல படிக்கும்போது பி.இ.டி. வாத்தியார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. தார் ரோட்டுல இல்லாம, ஸ்டேடியம் டிராக்குல இல்லாம, மண்ணு, புல்லு, மேடு, சேறுன்னு கிடைச்ச நிலத்துல ஓடுறதுதான் கிராஸ் கன்ட்ரி. இன்னிக்கும் இருக்கிற மிகப் பழைய சங்கம் லண்டன்ல 1868ல தொடங்கின தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ். படகுப் போட்டிக்காரங்க குளிர்காலத்துல உடம்பு கெட்டுப் போகாம இருக்க ஆரம்பிச்சது.

ஒலிம்பிக்ஸ்லயும் மூணு தடவை இருந்தது. 1912, 1920, 1924. பாரிஸ்ல 1924ல கொளுத்துற வெயில்ல 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடிச்சாங்க. அதோட ஒலிம்பிக்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க. வெயில் விஷயத்தை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இங்கிலாந்துல இது இன்னிக்கும் உள்ளூர் லீக்குகளா உயிரோட இருக்கு. குளிர்காலம் முழுக்கச் சில வாரத்துக்கு ஒரு போட்டி. ஒவ்வொரு சங்கமும் அவங்க பனியனைப் போட்டுக்கிட்டு வரும். 17 வயசுப் பையனும் 70 வயசு தாத்தாவும் ஒரே சேத்துல ஓடுவாங்க.

அங்கதான் இருபது, முப்பது வருஷமா ஒரே சங்கத்துக்கு ஓடுற ஆட்களைப் பார்க்கலாம். ஓட முடியாம போனா கொடி நடுவாங்க, நேரம் குறிப்பாங்க, டீ போடுவாங்க. ஆனா வருவாங்க.

ஏன் வர்றாங்க? புள்ளிக் கணக்குல இருக்கு ரகசியம்.

கிராஸ் கன்ட்ரியில பெரும்பாலும் ஒரு அணியின் முதல் ஆறு பேர் எத்தனாவது இடத்துல வந்தாங்கன்னு கூட்டுவாங்க. கூட்டுத்தொகை குறைவா உள்ள அணி ஜெயிக்கும்.

ஒரு உதாரணம். நம்ம அணி ஆட்கள் 12, 30, 44, 71, 103, 160ன்னு ஆறு இடங்கள்ல வர்றாங்க. மொத்தம் 420.

நம்ம முதல் ஆள் உயிரைக் கொடுத்து ஓடி 12லிருந்து 1க்கு வந்தா நமக்கு லாபம் 11 புள்ளி.

நம்ம ஆறாவது ஆள் "இன்னிக்கு வேணாம், தூக்கம் வருது"ன்னு வீட்லயே இருந்துட்டா? ஏழாவது ஆள் 290வது இடத்துல வந்திருப்பார். மொத்தம் 550. நஷ்டம் 130 புள்ளி.

ஆறாவது ஆள் வர்றதுதான் அணியோட பெரிய பலம். அந்த ஆறாவது ஆள் 52 வயசு வெல்டரா இருக்கலாம், 48 வயசு டீச்சரா இருக்கலாம். அவரை ஞாயித்துக்கிழமை காலையில ஃபோன் பண்ணி எழுப்புவாங்க. "அண்ணே, நீங்க இல்லைன்னா தோத்துடுவோம்."

நான் எழுதிக் கொடுக்கிற எந்தச் சீட்டுலயும் இந்த வாக்கியம் இல்லை.

இன்னும் ஒரு படி மேல போன லீக் ஒண்ணு இருக்கு. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில, நியூகாசில், சண்டர்லேண்ட் பக்கம் நடக்கிற நார்த் ஈஸ்டர்ன் ஹாரியர் லீக்.

அந்த ஊரை நினைச்சுப் பாருங்க. துறைமுகம், கப்பல் கட்டுற தளம், நிலக்கரி, தொழிற்சாலை. பிறகு ஒவ்வொண்ணா மூடினது. கேக்க வடசென்னை மாதிரியே இல்ல?

அங்க மெதுவா ஓடுறவங்களை முதல்ல கிளப்பி விடுவாங்க. சில நிமிஷம் கழிச்சு நடுத்தர வேகக்காரங்க. இன்னும் சில நிமிஷம் கழிச்சு வேகமானவங்க. எல்லைக்கோட்டுல யார் முன்னாடி வர்றாங்களோ அந்த இடம்தான் அணிக்குக் கணக்கு. மெதுவான குழுவுல இருந்து நல்லா முன்னாடி வந்துட்டா அடுத்த குழுவுக்கு ஏத்திடுவாங்க.

இதனால வயசானவர் ஓடுறது வெறும் "கலந்துகொண்டார்" சான்றிதழுக்காக இல்லாம, அணியோட வெற்றிக்கான ஓட்டமா ஆயிடுது. பின்னாடி துரத்தி வர்ற 25 வயசுப் பையனுக்கும் வேலை இருக்கு.

கூட்டமா ஆடுறதுக்கும் ஆயுசுக்கும் தொடர்பு இருக்கான்னு டென்மார்க்ல பார்த்திருக்காங்க. கோபன்ஹேகன்ல 8,577 பேரை 25 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்து 2018ல வெளியிட்டாங்க. எதுவுமே செய்யாதவங்களோட ஒப்பிட்டா டென்னிஸ் ஆடுறவங்க ஆயுசு 9.7 வருஷம் கூட. பேட்மின்டன் 6.2. ஜாகிங் 3.2. ஜிம் 1.5.

டென்னிஸ் ஆடுறவங்க பணக்காரங்களா இருக்கலாம், அதனால இதையும் அப்படியே நம்பிட வேண்டாம். ஆனா இன்னொரு ஆள் இல்லாம ஆட முடியாத விளையாட்டுகள் மேல இருக்கிறதை அந்த ஆய்வாளர்களே கவனிச்சு எழுதியிருக்காங்க. லீக் ஓட்டம் தனி ஜாகிங்கை அப்படிப்பட்ட விளையாட்டா மாத்திடுது. இது என் கணிப்பு.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு சரி, நமக்கு ஒத்து வருமா?"

ஒத்து வரும். இந்த விஷயத்துல வடசென்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பாக்ஸிங் பரம்பரைகள் என்ன? ஒரு ஏரியாவின் பேரைக் காப்பாத்த வாத்தியாரும் சிஷ்யனும் தலைமுறை தலைமுறையா ஒரே இடத்துல கூடுறதுதானே? ரிங்குக்குள்ள இறங்கி இருபது வருஷம் ஆனவர்கூட சாயங்காலம் வந்து ஓரமா நின்னு "காலை நகத்துடா"ன்னு கத்துவார்.

வியாசர்பாடி ஃபுட்பாலும் அப்படித்தான். தெருவுக்குத் தெரு இருக்கிற கேரம் மன்றங்களும் அப்படித்தான். 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா இந்த மண்ணுல இருந்துதான் போனாங்க.

சங்கம்ங்கிற சொல்லே பெரம்பூருக்குப் பழசு. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ல பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வச்சுத்தான் தொடங்குச்சு. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். நம்ம திரு.வி.க. நகர் அவர் பேருலதான் இருக்கு. உறுப்பினரா இருக்கிறதுன்னா என்னன்னு நாட்டுக்கே காட்டின ஊரு இது.

அந்த மில் 1996ல மூடினாங்க. வேலையோட சேர்ந்து பல வீடுகளுக்கு அன்றாட நடையும் போச்சு, கூடிப் பேசுற இடமும் போச்சு.

ஆனா பெரம்பூர்ல ரயில்வே இருக்கு. லோகோ, கேரேஜ், 1955 அக்டோபர் 2ல நேரு தொடங்கி வச்ச ஐசிஎஃப். இந்தியாவுல விளையாட்டு வீரர்களுக்கு அதிகமா வேலை கொடுக்கிற அமைப்பு ரயில்வே. அகில இந்திய ரயில்வே கிராஸ் கன்ட்ரி போட்டின்னே தனியா நடத்துறாங்க. அதாவது மண்ணுல ஓடிப் பழகின கால்கள் இந்த ஏரியாவுலயே இருக்கு.

இங்கதான் எனக்கு ஆதங்கம்.

என்கிட்ட வந்த ஒருத்தர் பத்திச் சொல்றேன். வயசு 64. எந்த நிறுவனம்னு வேண்டாம், பெரிய தொழிற்சாலை. இளவயசுல கம்பெனி கிராஸ் கன்ட்ரி டீம்ல ஓடினவர். இப்போ எடை 91 கிலோ, மூணு மாச சர்க்கரை சராசரி 9.8. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.

"எப்ப சார் ஓடுறதை நிறுத்தினீங்க?"ன்னு கேட்டேன்.

"டீம்ல இருந்து எடுத்தப்போ டாக்டர். முப்பத்தி மூணு வயசு இருக்கும்."

"அதுக்கப்புறம் நீங்களா ஓடியிருக்கலாமே?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "யாரும் கூப்பிடல."

பத்து கிலோமீட்டரை அலட்டிக்காம ஓடின மனுஷன் சார் அவர். அவருக்கு ஓடத் தெரியாதா? உடற்பயிற்சி நல்லதுன்னு தெரியாதா? எல்லாம் தெரியும். கூப்பிட ஆள் இல்லை. நம்ம விளையாட்டு அமைப்பு பதக்கம் வாங்குற வயசு வரைக்கும்தான் ஒருத்தரை உறுப்பினரா பார்க்குது. அதுக்குப் பிறகு இருக்கிற நாப்பது வருஷத்துக்கு அவர் வெறும் பார்வையாளர்.

உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னும் சுருக்கமா சொல்லிடுறேன். முப்பது வயசுக்கு மேல, சும்மா இருந்தா, உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துற உச்சத் திறன் பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். தசையும் குறையும். சர்க்கரையை அதிகமா உள்ள இழுக்கிற இடமே தசைதான், அதனால தசை குறைஞ்சா சுகர் ஏறும். விடாம பயிற்சி செய்றவங்களுக்கு இந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாக் குறையுது.

இருபது வயசுல வாங்கின பதக்கம் அறுபதுல இன்சுலினைக் குறைக்காது. போன வாரம் ஓடினது குறைக்கும்.

"சென்னையிலதான் இப்ப எல்லாரும் ஓடுறாங்களே?"

உண்மை. நல்ல விஷயம். சென்னை ரன்னர்ஸ் மாதிரி குழுக்கள் 2006ல இருந்து விடாம நடத்துறாங்க. விபத்துல முட்டி அடிபட்டு, அதுக்குப் பிறகு ஓட ஆரம்பிச்சு 100க்கு மேல அரை மாரத்தான் ஓடினவர் மா.சுப்பிரமணியன். அவர் சுகாதாரத்துறை அமைச்சரா இருந்தப்போ, 2023 நவம்பர்ல, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைன்னு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் வந்தது.

சென்னைக்கான பாதை எங்க? பெசன்ட் நகர் பக்கம்.

பெசன்ட் நகர் மக்கள் நடக்கட்டும், சந்தோஷம். ஆனா கொடுங்கையூர்ல இருந்து ஒருத்தர் காலையில பஸ் ஏறி அங்க போய் நடந்துட்டு வர முடியாது.

அதே மாதிரி பெரிய மாரத்தான் நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணமே பல நூறு ரூபாய். ஆயிரத்தைத் தாண்டுறதும் உண்டு. ஒரு நாள் ஓடி மெடலோட ஃபோட்டோ போடலாம். அடுத்த ஞாயிறு உங்களை யாரும் தேட மாட்டாங்க.

2025 நவம்பர்ல ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி நம்ம நேரு ஸ்டேடியத்துலயே நடந்தது. மூத்தோர் பிரிவு 35 வயசுல தொடங்கும், அஞ்சு அஞ்சு வருஷமாப் பிரிப்பாங்க. பெரம்பூர்ல இருந்து நேரு ஸ்டேடியம் சில கிலோமீட்டர்தான். அங்க ஓட நம்ம தெருக்கள்ல எத்தனை பேர் தயாரா இருந்தோம்?

இப்ப என் யோசனை.

டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும், மழை ஓய்ஞ்சு வெயில் ஏறாத நேரத்துல, நாலு ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணிக்குக் கிளம்பி 7.30க்குள்ள முடியணும். பாரிஸ் 1924 நமக்கு வேண்டாம்.

தூரம் 4 கிலோமீட்டர் போதும். மண் தரை. ரயில்வே மைதானங்கள், மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகம் பக்கம் இருக்கிற திறந்தவெளி, ரெட்டேரி, புழல் ஏரிக்கரை, எண்ணூர்ப் பக்கக் கடற்கரை. உரியவங்க அனுமதி கொடுத்தா இடத்துக்குப் பஞ்சமில்லை.

அணின்னா ஏரியா அணி. பெரம்பூர், வியாசர்பாடி, ஓட்டேரி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். ஒரு குடியிருப்போர் சங்கம், ஒரு தொழிற்சங்கக் கிளை, ஒரு கேரம் மன்றம்கூட அணி அனுப்பலாம்.

கணக்குக்கு ஆறு பேர். அதுல ரெண்டு பேர் கட்டாயம் 50 வயசு தாண்டினவங்க. ரெண்டு பேர் கட்டாயம் பெண்கள். மெதுவானவங்க முதல்ல கிளம்பணும். வேகமா நடக்கிறவங்களும் அந்த முதல் குழுவுலயே வரலாம்.

இந்த விதி ஒண்ணு போதும். ஒவ்வொரு ஏரியாவும் 50 தாண்டின ரெண்டு பேரையும், ரெண்டு அக்காவையும் தேடி அலையும். "வாங்கக்கா, ஆள் குறையுது"ன்னு வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. 57 சதவீதம்ங்கிற அந்த எண்ணைக் குறைக்க இதைவிட நல்ல போஸ்டர் எனக்குத் தெரியல.

செலவு? கொடி, விசில், சுண்ணாம்பு, தண்ணி, நம்பர் எழுதின துணி, ஒரு முதலுதவிப் பெட்டி. பக்கத்துல ஒரு ஆம்புலன்ஸுக்கு முன்கூட்டியே தகவல். நுழைவுக் கட்டணம் கிடையாது. மெடல் வேண்டாம், சுண்டல் போதும்.

நான் முக்கியமாக் கேட்கிறது இன்னொண்ணு. வருஷக் கணக்கு எழுதி வைக்கிற ஒரு நோட்டு. யார் எத்தனை போட்டிக்கு வந்தாங்கன்னு. அஞ்சு வருஷம் விடாம வந்தவருக்குத்தான் பெரிய கைதட்டல். முதல்ல வந்தவருக்குச் சின்னது.

இப்போ மறுப்புகள்.

"நம்ம ஏரியா காத்து விஷம் டாக்டர். ஓடினா இன்னும் உள்ள போகாதா?"

ரொம்ப நியாயமான பயம். அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூர் குப்பை மேடு. 2023 டிசம்பர்ல எண்ணூர் அமோனியா கசிவு ராத்திரி மக்கள் வீட்டை விட்டு ஓடினதை யாரும் மறக்கல. காத்தைச் சுத்தப்படுத்துறது அரசோட, தொழிற்சாலைகளோட கடமை. ஓட்டம் அதுக்கு மாற்று கிடையாது.

அதுக்காக வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா அதே காத்துதான், கூடவே சுகரும் ஏறும். மணலி, ராயபுரம், கொடுங்கையூர்ல காற்றுத் தர அளவீட்டு நிலையங்கள் இருக்கு. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில ஃபோன்லயே பார்க்கலாம். 200க்கு மேல இருந்தா அன்னிக்கு ஓட்டம் ரத்து. போகி அன்னிக்குக் கட்டாயம் ரத்து. லாரி போற ரோட்டோரம் ஓட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவங்க இன்ஹேலர் பையில இருக்கணும்.

இதுல இன்னொரு நன்மையும் உண்டு. ஞாயிறு ஓட்டம் காத்தால ரத்தாச்சுன்னா நூறு பேருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் மனுவா மாறட்டும்.

"ஓடும்போது மாரடைப்பு வந்து செத்துட்டார்னு செய்தி வருதே?"

வருது. அரிது, ஆனா வருது. அதனால இவங்க எல்லாம் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் வரணும்:

நடந்தாலே நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல், மயக்கம் வர்றவங்க.
ஸ்டென்ட், பைபாஸ் செஞ்சவங்க.
குடும்பத்துல இளவயசுல திடீர்னு இறந்தவங்க இருந்தா.
பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க.
நீரிழிவால கண் விழித்திரை பாதிச்சவங்க, கால்ல புண் இருக்கிறவங்க.

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுக்கிறவங்களுக்கு ஓடும்போது சுகர் கீழ இறங்கலாம். ஓடுறதுக்கு முன்னாடி பாருங்க. 100க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டு ஓடுங்க. பாக்கெட்ல குளுக்கோஸ் கட்டாயம். வெறுங்காலோட ஓடவே கூடாது. முடிச்சதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை ரொம்ப வேகமானவங்களுக்கும். பல வருஷம் மிகக் கடுமையா நீண்ட தூரப் பயிற்சி செய்யும் ஆண்களுக்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கிற சீரற்ற இதயத் துடிப்பு கொஞ்சம் அதிகமா வருது. படபடப்பு வந்தா மறைக்காம ஈசிஜி எடுங்க. 4 கிலோமீட்டர் லீக்ல அந்த அளவுக்குப் போக மாட்டீங்க.

இன்னிக்கு ஆரம்பிக்கிறவங்களுக்கு:

முதல் ரெண்டு வாரம் வெறும் நடை, 30 நிமிஷம்.
அடுத்த ரெண்டு வாரம் 1 நிமிஷம் மெதுஓட்டம், 3 நிமிஷம் நடை, மாத்தி மாத்தி.
அப்புறம் ஓட்டத்தை ரெண்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்க.
பக்கத்துல ஓடுறவரோட முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா வேகம் அதிகம்.
வாரத்துல மூணு நாள் போதும்.

கடைசியா ஒண்ணு.

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975ல பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலதான் நடந்தது. செஞ்சவர் டாக்டர் கே.எம்.செரியன். அடைச்சுப் போன இதயக் குழாய்க்கு மாத்து வழி போட முடியும்னு நாட்டுக்குக் காட்டின ஊரும் பெரம்பூர்தான். எனக்கு அதுல பெருமை உண்டு.

ஆனா அம்பது வருஷம் கழிச்சும் அந்த அறுவை சிகிச்சைக்கு வரிசையில நிக்கிற நம்ம ஆட்களோட எண்ணிக்கை குறையலைன்னா, அந்தப் பெருமையில பாதிதான் நமக்குச் சொந்தம். மீதிப் பாதி ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய, ஏதோ ஒரு மண் மைதானத்துல இருக்கு.

ரயில்வே விளையாட்டு அமைப்புகளுக்கும் மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை ரெண்டு மணி நேரம் மைதானத்தின் கேட்டைத் திறந்து விடுங்க. ஓய்வு பெற்ற உங்க பழைய ஓட்டக்காரங்ககிட்ட கொடியையும் விசிலையும் கொடுங்க. மீதியை அவங்க பார்த்துப்பாங்க.

உங்ககிட்ட கேட்கிறது இன்னும் சின்னது. உங்க தெருவுல, உங்க மன்றத்துல, பழைய ஓட்டக்காரர் யாராவது இருக்காரான்னு பாருங்க. அவரோட சேர்த்து ஆறு பேரைப் பிடிங்க. அதுல ரெண்டு பேர் அக்காமாரா இருக்கட்டும். அணிக்கு ஒரு பேர் வைங்க. பேரைக் கீழ கமென்ட்ல போடுங்க.

நாலு அணி சேர்ந்தா முதல் ஓட்டத்துக்கு முதலுதவிப் பெட்டியோட நான் வர்றேன். எங்க ஏரியா அணிக்கு ஆறாவது ஆள் குறைஞ்சா ஓடவும் செய்றேன்.